கழுதைகள் போட்ட வழி

எது நல்ல தடம் என்று கேட்டார்
மாசெருவிலிருந்து வந்தவர்,
கைக்கடிகாரத்தைத் தட்டிக்கொண்டே.
எத்தனை கிலோமீட்டர், எத்தனை அடி இறக்கம்.
எனக்கு அதெல்லாம் தெரியாது.
சனிக்கிழமை வரை கம்பளிக் கொட்டகையில்
ஆட்டுமயிர் தரம் பிரிக்கிறவள் நான்.
விரல் நுனியில்தான் என் அளவெல்லாம்.

முதலில் கழுதைத் தடம்.
ஆலைக்குச் சோளம் சுமந்து சுமந்து
கழுதைகளே போட்டது.
எந்த வளைவில் மூச்சு வாங்க வேண்டும்,
எந்தக் கல்லை மதித்துச் சுற்றிப் போக வேண்டும்,
எல்லாம் யோசித்திருக்கின்றன.
தார்ச்சாலை தேய்ந்து மண்சாலையாகி
மண்சாலை தேய்ந்து ஒற்றையடியாகும் இடத்தில்
என் சைக்கிள் தானாகவே காது நிமிர்த்தும்.
பெடல் வேண்டாம்.
இடுப்பைச் சாய்த்தால் மலையும் சாயும்.
எதிரே நிஜக் கழுதை வந்தால்
நாம்தான் இறங்கி நிற்க வேண்டும்.
லுமேலா சொன்னாலும் திரும்பிப் பார்க்காது.

அடுத்தது மணற்பாறை.
மழைக்கு முந்தின நாள் போங்கள்,
மறுநாள் போகாதீர்கள்.
ஒருக்களித்துப் படுத்த மாட்டின் வயிறு போல
உப்பி நிற்கும் பாறை. சொரசொரப்பு.
டயர் பல்லியாய் ஒட்டும்.
விளிம்பில் முன்சக்கரத்தை நழுவ விடும்போது
தரை தெரியாது, கொஞ்ச நேரம் வானம் மட்டும்.
பிருஷ்டத்தைப் பின்னே தள்ளி
முழங்கையைத் தளர்த்தி
கண்ணை மூடாமல்...
அதுதான் கஷ்டம்.
இடதுபக்கம் கரணம் தப்பினால்
மரணம் இல்லை, கற்றாழை.
மொகேலே விழுந்திருக்கிறான்.
அவன் தங்கை லிமகாட்ஸோவுக்கு
முள் எடுக்க இரண்டு நாள் ஆயிற்று,
சிரிப்பு வந்து நடுவில் நடுவில் நிறுத்தியதால்.
உடைந்த கற்றாழை வேலிக்கு
ஒரு கோழி தண்டம்.

ஏற்றத்தைப் பற்றி யாரும் கேட்பதில்லை.
ஒரு மணி நேரம் தள்ளிக்கொண்டு ஏறுவேன்.
தண்ணீர்க்குடத்தோடு இறங்கும் பெண்கள் கேட்பார்கள்,
"வண்டி உன்னைச் சுமக்குமா,
நீ வண்டியைச் சுமப்பாயா?"
பதில் சொல்ல மூச்சு இருக்காது.

மூன்றாவதற்குப் பெயர் கிடையாது.
மேலே, ஆட்டுப்பட்டிக்கு அப்பால்.
ஜூன் குளிரில் புல் உறைந்து
சக்கரத்தின் கீழ் அப்பளமாய் நொறுங்கும்.
போன ஞாயிறு லெபூசா வழி மறித்தான்.
பன்னிரண்டு வயசு, போர்வை, ரப்பர் பூட்ஸ், மூன்று நாய்.
"ஓடைவரைக்கும். வருகிறாயா?"
எனக்குப் பதினெட்டு கியர்.
அவனுக்கு இரண்டு கால்.
முதல் புல்வெளியில் நான்தான் முன்னே.
கண்ணில் நீர் காதுக்கு ஓட
செயின் சட்டத்தில் மோதிமோதித் தாளம் தட்ட
பயமா சந்தோஷமா என்று பிரித்தறிய முடியாத ஒன்று
தொண்டையில் வந்து உட்கார்ந்தது.
அப்புறம் வளைவுகள், ஒன்பது.
நான் பிரேக் பிடித்து, வளைந்து, எழும்புவதற்குள்
அவன் குறுக்கே நேராகக் குதித்தான்.
ஒவ்வொரு திருப்பத்திலும் எனக்கு முன்னால் நின்று
விசிலடித்தான், ஏதோ பஸ்சுக்குக் காத்திருப்பவன் மாதிரி.
ஏழாவதில் நாய்.
நான் புல்லில், சைக்கிள் என்மேல்,
சக்கரம் மட்டும் இன்னும் போய்க்கொண்டிருந்தது.
விலா வலிக்கச் சிரித்தேன்.
அவன் ஓடி வந்து
முதலில் சைக்கிளைத் தடவிப் பார்த்தான்,
பிறகு என்னை.

பந்தயத்துக்கு ஒரு சுற்று கேட்டான்.
பிரேக் எது என்று காட்டினேன்.
அவன் அதைத் தொடவே இல்லை.
வெகுநேரம் கழித்து
ஓடையிலிருந்து ஏறி வந்தான்,
சொட்டச் சொட்டப் போர்வை,
தலைக்குமேல் சைக்கிள்,
முகமெல்லாம் பல்.

மாசெருக்காரர் சின்ன நோட்டில் எழுதிக்கொண்டார்:
"மூன்று. பெயர் இல்லை. நீளம் தெரியாது. நாய் உண்டு."
சரிதான் என்றேன்.
டயரில் காற்றைக் கொஞ்சம் இறக்கிக்கொள்ளுங்கள்.